எனக்கு வேண்டாம்: மருத்துவ முன்விருப்ப ஆவணமும் அதன் தமிழும்

உயில் என்பது ஆங்கிலத்திலிருந்து நாம் கடன் பெற்ற சொல். மூலமொழியில் அச்சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. ஒருவர் மனத்தில் கொள்ளும் விருப்பம் அல்லது உறுதி என்பது ஒன்று. தம் மறைவுக்குப் பின் உடைமை யாருக்குச் சேரவேண்டும் என்று எழுதிவைக்கும் பத்திரம் என்பது மற்றொன்று. கடன் பெற்றபோது நாம் பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். விருப்பம் என்ற பொருள் தமிழுக்கு வரவில்லை. மரண சாசனம் என்ற பழைய வழக்கும் இதே பத்திரத்தைத்தான் குறித்தது.

1969-ஆம் ஆண்டு லூயிஸ் கட்னர் என்னும் அமெரிக்க வழக்கறிஞர் ஒரு சட்ட ஆய்விதழில் 'லிவிங் வில்' என்ற தொடரை முன்வைத்தார். நினைவும் பேச்சும் இழந்து, மீளும் நம்பிக்கையும் இன்றிக் கிடக்கும் நிலை தமக்கு வந்தால் எந்தச் சிகிச்சை செய்யப்படலாம், எது செய்யப்படக் கூடாது என்பதை ஒருவர் தெளிந்த அறிவோடு இருக்கும்போதே எழுதிவைக்கலாம் என்பது அவர் கருத்து. அத்தொடரில் ஆங்கிலச் சொல்லின் இரு பொருள்களும் ஒருங்கே இயங்குகின்றன. 'வாழும் உயில்' என்று நாம் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது ஒரு பொருள் உதிர்ந்துவிடுகிறது. கேமரன் மலையில், பிரிஞ்சாங்கை அடுத்த ஒரு கோயில் மண்டபத்தில், முதியவர்கள் சிலரிடம் இத்தொடரைக் கூறி நான் விளக்கத் தொடங்கியபோது மூதாட்டி ஒருவர் இடைமறித்தார்: "உசுரோட இருக்கையிலேயே வீட்ட எழுதிக் குடுக்கணுமா, வாத்தியாரே?" அன்றைய கூட்டம் அத்தோடு வீட்டுப் பத்திரம் பற்றிய கூட்டமாயிற்று.

ஆகவே இங்கு 'மருத்துவ முன்விருப்ப ஆவணம்' என்ற தொடரை ஆள்கிறேன். நீளமானதுதான், ஆயினும் சொத்தைப் பற்றிய அச்சத்தை எழுப்பாது.

ஒரு சொல், மூன்று பொருள்

என் பெரிய அத்தை ரிங்லெட் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பதாண்டுகளுக்கு மேல் கொழுந்து கிள்ளியவர். தம் 81-ஆம் வயதில் பக்கவாதம் தாக்கி, மலையடிவார நகரமொன்றின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். முதல் நான்கு நாள்கள் அவருக்குப் பேச்சு இருந்தது. சற்றுக் குழறினாலும் நினைவு தெளிவாகவே இருந்தது. விழுங்கும் ஆற்றல் குறைந்துவந்தமையால் மூக்கின் வழியே உணவுக்குழாய் இடவேண்டியிருக்கும் என்று இளம் மருத்துவர் ஒருவர் மலாயில் விளக்கினார். உடனிருந்தவன் நான்காம் படிவத்தில் பயின்றுகொண்டிருந்த பேரன். "குழாயெல்லாம் வேண்டாம்பா" என்றார் அத்தை. பேரன் அதை "தக் பாயா" என்று மருத்துவரிடம் பெயர்த்துரைத்தான்.

தமிழில் 'வேண்டாம்' என்ற ஒரே வடிவம் மூன்று பணிகளைச் செய்கிறது. 'எனக்குக் காப்பி வேண்டாம்' என்பதில் அது விருப்பமின்மை. 'இதற்கு அவ்வளவு பணம் வேண்டாம்' என்பதில் தேவையின்மை. 'அங்கே போக வேண்டாம்' என்பதில் விலக்கு. மலாய் மொழி இம்மூன்றுக்கும் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது: விருப்பமின்மைக்குத் 'தக் மாஹு', தேவையின்மைக்குத் 'தக் பாயா', விலக்குக்கு 'ஜாங்ஙான்'. மொழிபெயர்ப்போர் இவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். பதினாறு வயதுச் சிறுவன், பெரியவர்கள் முன் பணிவாகப் பேசப் பழகியவன், மூன்றிலும் மென்மையானதைத் தெரிந்தெடுத்தான். 'பரவாயில்லை, எதற்குச் சிரமம்' என்பது போல அது மருத்துவர் காதில் விழுந்திருக்கும். விருந்துக்குப் போன வீட்டில் இருமுறை 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு மூன்றாம் முறை தட்டை நீட்டும் நம் வழக்கத்தை நினைத்துப் பார்த்தால் அவரையும் குறைகூற முடியவில்லை.

அன்றிரவு குழாய் இடப்பட்டது. அத்தை அதைப் பிடுங்கினார். மீண்டும் இட்டு, கைகளுக்குத் துணியுறை மாட்டினார்கள். ஐந்தாம் நாள் நான் போய்ச்சேர்ந்தபோது பேச்சு நின்றிருந்தது. நான் அதுவரை கோலாலம்பூரில் ஒரு கருத்தரங்கில் பெயரெச்சம் பற்றிக் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தேன். அதன் பின் அத்தை பதினொரு வாரம் அவ்வாறே இருந்தார்.

பேரன் சொன்ன சொல்லைப் பற்றி அவன் தாய் பின்னர்தான் என்னிடம் கூறினார். அதிலிருந்து என் சிந்தை வேறொரு திசையில் சென்றது. பழந்தமிழில் 'வேண்டேன்' என்றொரு வடிவம் உண்டு. அதிலுள்ள 'ஏன்' என்னும் விகுதி, மறுப்பவர் பேசுகின்றவரே என்பதைச் சொல்லுக்குள்ளேயே காட்டிவிடும். இன்றைய பேச்சிலும் எழுத்திலும் அவ்வடிவம் வழக்கொழிந்தது. எஞ்சியுள்ள 'வேண்டாம்' என்பதற்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற வேறுபாடு இல்லை. யாருடைய விருப்பம் என்பதை 'எனக்கு', 'அவருக்கு' என்னும் நான்காம் வேற்றுமைச் சொல்தான் காட்டவேண்டும். அதையோ நாம் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். நோயாளி சொன்னாலும், மகன் சொன்னாலும், பக்கத்து வீட்டார் சொன்னாலும் 'குழாய் வேண்டாம்' ஒரே தொடர்தான். மருத்துவ முன்விருப்ப ஆவணம் செய்யும் வேலையை இலக்கண நோக்கில் கூறினால், விடுபட்ட அந்த 'எனக்கு' என்பதை எழுத்தில் மீட்டுவைப்பதே அது.

'எனக்கு' இல்லாத வழக்கு

அச்சொல் கிடைக்காமற்போனால் நிகழ்வது என்ன என்பதற்கு அருணா ஷான்பாக் வழக்கே போதும். மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றிய அவர், 1973 நவம்பர் 27 அன்று அதே மருத்துவமனையில் கொடுந்தாக்குதலுக்கு உள்ளாகி மூளை பாதிக்கப்பட்டார். 2015 மே 18 அன்று இறக்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அங்கேயே படுக்கையில் இருந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த அனுமதிக்குமாறு எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவரைப் பேணிவந்த தாதியரும் மருத்துவமனையும் அதை எதிர்த்தனர். இரு தரப்பினரும் அருணாவின் நலத்தையே பேசினர். ஆனால் அருணாவின் சொல் எவரிடமும் இல்லை. 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் அந்த மனுவை ஏற்க மறுத்தது. எனினும் உயிர்தாங்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வது கடும் கட்டுப்பாடுகளோடு ஏற்கத்தக்கதே என்ற கருத்தை அதே தீர்ப்பில் பதிவு செய்தது.

அடுத்த படியை 2018 மார்ச் 9 அன்று ஐவர் அடங்கிய அரசியல் சாசன அமர்வு எடுத்தது. 'காமன் காஸ்' என்ற அமைப்பு 2005-இல் தொடுத்த வழக்கு அது. மாண்போடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்றும், அதற்கான முன்விருப்பத்தை எழுதிவைக்க வயதுவந்த எவருக்கும் உரிமை உண்டு என்றும் தீர்ப்பு கூறியது. இரு சாட்சிகளோடு நீதித்துறை நடுவர் ஒருவரும் ஒப்பமிட வேண்டும் என்ற தொடக்க விதி நடைமுறையில் மிகக் கடினமாயிருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அது தளர்த்தப்பட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையில் ஒப்பமிட்டால் போதும் என்றாயிற்று. சிகிச்சையை விலக்குவது குறித்து மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆராயவேண்டும் என்பதும், ஒவ்வொன்றும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துரைக்க வேண்டும் என்பதும் இப்போதைய நடைமுறை.

இவை இந்தியாவுக்குரியவை. தமிழ்நாட்டிலிருந்து புலனத்தில் வரும் படிவத்தை அப்படியே நிரப்பிவைத்தால் மலேசியாவில் அது சட்டத்தின் பலம் பெற்றுவிடாது. சிங்கப்பூரில் 1996-இலேயே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. ஆனால் மலேசிய மருத்துவ மன்றம், சிகிச்சைக்கு நோயாளியின் ஒப்புதல் பெறுவது பற்றி 2013-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்கு ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறது. இன்ன சூழலில் இன்ன சிகிச்சை கூடாது என்று நோயாளி ஐயத்துக்கு இடமின்றி எழுத்தில் பணித்திருந்து, அச்சூழலும் நேர்ந்திருந்தால், மருத்துவர் அச்சிகிச்சையைத் தவிர்க்கவேண்டும் என்பது அதன் சாரம். சொற்கள் தெளிவானவையா, இப்போதைய நிலைக்குப் பொருந்துபவையா, எழுதியபின் நோயாளி மனம் மாறியதற்கு அறிகுறி உண்டா என்பவற்றையும் மருத்துவர் பார்க்கவேண்டும். சட்டத்துக்கு மாறான எதையும் ஆவணம் கோரினால் அதற்கு அவர் இணங்கக் கூடாது. இவ்வினாக்களுள் முதல் இரண்டும் மொழி பற்றியவை என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

கொலை என்ற தலைச்சொல்

இத்தகைய செய்திகளுக்கு நம் நாளிதழ்கள் இடும் தலைப்பில் 'கருணைக்கொலை' என்ற சொல் எளிதாக வந்து அமர்ந்துகொள்கிறது. அத்தொகைச்சொல்லில் கருணை அடைமொழி, தலைச்சொல் கொலையே. மருந்து செலுத்தி உயிரைப் போக்குவது மலேசியாவிலும் இந்தியாவிலும் குற்றம். முன்விருப்ப ஆவணம் அதைக் கோருவதில்லை. பலன் தராத மூச்சுக்கருவி, நின்றுபோன இதயத்தை அழுத்தி இயக்குதல், செயற்கை உணவூட்டல் போன்றவற்றை மறுப்பதே அதன் எல்லை. நோய் தன் போக்கில் முடிகிறது. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து, வாய் உலராமல் பேணுதல், புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தல் ஆகியவை இறுதிவரை தொடரும். நோய்த்தணிப்புப் பராமரிப்பு எனப்படும் இத்துறைக்கு நம் சுகாதார அமைச்சு 2019 முதல் 2030 வரைக்கான தேசியக் கொள்கைத் திட்டமொன்றை வகுத்திருக்கிறது. 1991-இல் தொடங்கப்பெற்ற ஹோஸ்பிஸ் மலேசியா கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளிகளின் இல்லம் தேடிச் சென்று இப்பணியைச் செய்துவருகிறது.

இப்பொருள் பற்றித் தமிழில் பேசவருவோர் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் அவ்வழியை மேற்கொள்ளவில்லை. மானத்தின் பொருட்டு உண்ணாதிருந்து உயிர்விட்ட மன்னனுக்கும் குழாயை மறுக்கும் தோட்டத்து மூதாட்டிக்கும் இடையே ஒற்றுமை தேடுவது சொற்பொழிவுக்கு அழகு, விளக்கத்துக்கு உதவாது. இங்கு நினைவுகூரத் தக்கது வேறொன்று. தென் தமிழகத்தில், குறிப்பாக விருதுநகர் மாவட்டத்து ஊர்கள் சிலவற்றில், படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் புகட்டி இறக்கச் செய்யும் 'தலைக்கூத்தல்' என்ற கொடுவழக்கம் இருந்ததை நாம் அறிவோம். பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய 'பாரம்' என்ற படம் அதைப் பற்றியது. 2018-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வுபெற்றது. தலைக்கூத்தலில் முதியவரின் விருப்பத்தை எவரும் கேட்பதில்லை. 'நீ பாரம்' என்பதே அங்கு முடிவு.

'இப்படி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் பிள்ளைகள் எங்களைக் கைவிட்டுவிடுவார்களே' என்று முதியவர்கள் அஞ்சுவதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம். அச்சம் நியாயமானது, அதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. பிள்ளைகளின் நெருக்குதலால் எழுதப்பட்ட ஆவணத்தில் 'எனக்கு' என்ற எழுத்துகள் இருக்கும். அதன் பொருள் இராது. ஆகவே ஆவணம் எழுதும்போது, சொத்தில் பங்குடையவர் எவரும் அவ்வறையில் இல்லாதிருப்பதே நன்று.

வாரிசும் 'வாரிஸ்'உம்

கேமரன் மலையின் இன்றைய நிலை இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. 1929-இல் போ தோட்டம் தொடங்கப்பட்ட காலந்தொட்டு இம்மலையில் கொழுந்து கிள்ளிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது பெரும்பாலும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். தேயிலைச் சரிவுகளில் இன்று வேலை செய்வோரில் மிகப் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தோட்டத்து வீடுகளில் எஞ்சியிருப்போர் பெற்றோர். தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை உள்ளது. அதற்கு மேற்பட்ட சிகிச்சை வேண்டுமாயின் சிம்பாங் பூலாய் வழியாகவோ, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து இறங்கும் தாப்பா சாலை வழியாகவோ மலையைவிட்டு இறங்கவேண்டும். அவசரப் பிரிவில் நோயாளியின் விருப்பம் தெரியாதபோது மருத்துவர் உயிர்காக்கும் அனைத்தையும் செய்வார், செய்யவும் வேண்டும். பிள்ளைகள் வந்துசேர்வதற்குள் மூச்சுக்கருவி பொருத்தப்பட்டிருக்கும். பொருத்தாமல் இருப்பதும் பொருத்தியதை விலக்குவதும் மருத்துவ அறத்தில் ஒன்றே என்பார்கள். விலக்குமாறு சொல்லவேண்டிய மகளுக்கு அவை ஒன்றல்ல.

அந்நேரத்தில் தாதி கேட்கும் முதற்கேள்வி, "வாரிஸ் யார்?" என்பது. மலாயின் 'வாரிஸ்', தமிழின் 'வாரிசு' ஆகிய இரண்டும் அரபுச் சொல் ஒன்றின் வழிவந்தவை. ஆனால் மருத்துவமனை மலாயில் 'வாரிஸ்' என்பது நோயாளியின் நெருங்கிய உறவினர்; அழைத்தால் வரக்கூடியவர், படிவத்தில் ஒப்பமிடுபவர். தமிழ்க் காதுக்கு அது சொத்துக்குரியவர். எனவே தம்மோடு வாழ்ந்து, தம் மனத்தை அறிந்த இளைய மகளின் பெயரைச் சொல்லவேண்டிய தாய், எங்கோ இருக்கும் மூத்த மகனின் பெயரைச் சொல்லிவிடுகிறார். ஒலி ஒத்த சொல் என்பதால் பிழை எவர் கண்ணிலும் படுவதில்லை. நமக்காக மருத்துவ முடிவெடுக்க ஒருவரைச் சட்டப்படி நியமிக்கும் தனி ஏற்பாடு சிங்கப்பூரில் உள்ளது போல் மலேசியாவில் இல்லை. ஆதலால், 'என் மனம் அறிந்தவர் இவர். இவரைக் கேளுங்கள்' என்று ஆவணத்தில் எழுதிவைப்பது இங்கு இன்னும் முதன்மை பெறுகிறது.

எழுதும் முறை

தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் முன்பு தொழிலாளர்களுக்குக் கடிதமும் மனுவும் எழுதிக்கொடுத்தார்கள். அப்பழக்கம் மீண்டும் உதவக்கூடிய இடம் இது. ஆவணத்தை முதலில், எழுதுவிப்பவரின் சொந்தத் தமிழில், அவர் சொல்லச் சொல்ல எழுதுக. பேச்சுத் தமிழாயினும் திருத்தற்க. எதிரே மலாயிலோ ஆங்கிலத்திலோ அதன் பெயர்ப்பு அமையட்டும். ஒவ்வொரு தொடரும் தன்மையில் இருத்தல் இன்றியமையாதது: தமிழில் 'எனக்கு', மலாயில் 'சாயா'. 'வேண்டாம்' என்பதைச் 'சாயா தீடாக் மாஹு' என்றே பெயர்க்கவேண்டும். 'தக் பாயா' கூடாது. 'என்னைக் கஷ்டப்படுத்தாதீர்கள்', 'விட்டுவிடுங்கள்' என்பன மனத்தைத் தொடும் தொடர்கள். ஆயினும் மருத்துவர் அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. நிபந்தனையும் மறுப்பும் தனித்தனியே தெளிவுபட வேண்டும். எடுத்துக்காட்டாக: 'எனக்கு நினைவு திரும்பாது என்று இரண்டு மருத்துவர்கள் கருதினால், எனக்கு மூச்சுக்கருவி வேண்டாம்; மூக்கில் உணவுக்குழாய் வேண்டாம். வலிக்கு மருந்து எனக்கு வேண்டும்.' 'வேண்டும்' என்பவற்றையும் எழுதுவதற்குப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நாள், ஒப்பம் அல்லது பெருவிரல் ரேகை, பங்காளிகள் அல்லாத இருவர் சாட்சி ஆகியவை போதும். ஆண்டுக்கு ஒருமுறை படித்துப் பார்த்துப் புதிய நாளிட்டு ஒப்பமிட்டால், மனம் மாறவில்லை என்பதற்கு அது சான்றாகும், மாறினால் கிழித்துப்போடலாம். சொத்து உயிலுக்குள் மட்டும் இதைச் சேர்த்துவிடக் கூடாது. உயில் திறக்கப்படுவது இறப்புக்குப் பின். ஒரு படி வழக்கமாகச் செல்லும் மருத்துவமனைக் கோப்பில், ஒரு படி மனமறிந்த உறவினரிடம், மூலம் வீட்டில் எவரும் அறிந்த இடத்தில் இருக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒன்று. மருத்துவமனையில் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் மொழிபெயர்க்கப் போகிறவர்கள் நீங்கள்தாம். சுருக்கிச் சொல்லாதீர்கள், மென்மைப்படுத்தாதீர்கள். ஐயம் இருந்தால், "உங்களுக்கு வேண்டாமா, இல்ல தேவையில்லன்னு சொல்றீங்களா, பாட்டி?" என்று திரும்பக் கேளுங்கள். அவர் என்ன சொன்னாரோ அதை 'சாயா' என்று தொடங்கிச் சொல்லுங்கள்.

அண்மையில் ஓய்வுபெற்ற தண்டல் ஒருவர், தமிழாசிரியை ஒருவரை வீட்டுக்கு அழைத்து இத்தகைய ஆவணம் எழுதச் சொன்னார், நானும் உடனிருந்தேன். மூச்சுக்கருவி, குழாய் ஆகியவற்றை மறுத்து எழுதுவித்த பின் சற்று யோசித்து, "கடசி வரைக்கும் நாக்குல ஒரு சொட்டு தேத்தண்ணி தடவணும், டீச்சர். பால் வேண்டாம்" என்றார். ஆசிரியை தமிழில் அதை அப்படியே எழுதினார். மலாய்ப் பகுதியில் 'தே ஓ' என்று எழுதிவிட்டு, சர்க்கரை உண்டா என்று கேட்டார். அவர் தலையசைத்து மறுக்கவே, 'கோசோங்' என்று சேர்த்துக்கொண்டார்.